முதலில் விட்ட கை

ஓசூரில் நம் பள்ளியில் சியர் டீமுக்கு ஆள் எடுத்த அந்த வாரம் மைதானத்தில் வரிசையாக நின்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. எங்கே சந்தித்தாலும் அந்த வாரத்தைப் பற்றி நாம் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறோம். நானும் கூடவே சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரித்த நாள்களில் வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. அது ஏன் என்று சொல்லிவிட வேண்டும்.

அப்போது நாம் எட்டாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு முடிந்து, மழை விட்டு, குளிர் தொடங்கியிருந்தது. காலைப் பிரேயரில் வாயைத் திறந்தால் புகை வரும். மைதானத்துக்குப் பின்னால் தைல மரங்கள், அதற்கும் பின்னால் தொழிற்பேட்டை. முதல் ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் நமக்குக் கடைசிப் பாடவேளை தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அந்த வருஷம்தான் பெங்களூரில் இருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மிஸ் வர ஆரம்பித்தார். உயரமாக, முடியைத் தூக்கிக் கட்டி, கழுத்தில் விசிலோடு இருப்பார். அவரை நாம் பெரிய ஆளாக நினைத்தோம். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருந்திருக்காது.

பெற்றோர் கூட்டத்தில் அவர் இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது அப்பாக்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. கிரிக்கெட் மேட்சுக்கு நடுவே டிவியில் வெள்ளைக்காரப் பெண்கள் ஆடுவதை எல்லோரும் அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். என் அப்பாதான் எழுந்து கேட்டார்.

“குட்டப் பாவாடை கட்டிக்கிட்டுப் பவுண்டரி அடிச்சா ஆடுதுகளே, அந்த ஆட்டமா மிஸ் இது?”

“அது பேறே சார், இது பேறே,” என்றார் மிஸ், கன்னடம் கலந்த தமிழில். “இது ஸ்போர்ட். ஜம்ப் இருக்கு, பல்ட்டி இருக்கு, ஆளைத் தூக்கி நிறுத்தறது இருக்கு. ஸ்கூல் ஸ்கூலுக்கு காம்பிட்டிஷன் நடக்குது. நம்ம பிள்ளைங்க ஃபுல் பேண்ட்தான் போடுவாங்க. நான் கேரண்டி.”

ஃபுல் பேண்ட் என்றதும் அப்பாக்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

தரையில் விரிக்க நல்ல பாய் கிடையாது. தேங்காய்நார் அடைத்த பழைய மெத்தைகள் இரண்டு இருந்தன. மீதி இடத்துக்கு, இயந்திர உதிரி பாகங்களைச் சுற்றி வருமே, அந்த ஃபோம் ஷீட்டுகளை ஆளுக்கொன்றாக அப்பாக்களின் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அடுக்கினோம். அவற்றில் எண்ணெய் வாசம் வீசும். குப்புறப் படுத்தால் என் அப்பாவின் யூனிபாரத்தில் முகம் புதைத்த மாதிரி இருக்கும். கையில் பிடித்து ஆட்டும் குஞ்சங்களையும் பேக்கிங்குக்கு வரும் பளபளத் தாளை ரிப்பன் ரிப்பனாகக் கிழித்து நாமே செய்தோம். ஆட்டினால் உதிரும். மைதானம் முழுக்க வெள்ளித் துணுக்குகள் பறக்கும். அவையெல்லாம் எங்கே போயினவோ, ஒன்றுகூட யாரிடமும் இல்லை.

ஆள் எடுத்த முறை உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. முதல் மூன்று நாள் வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். நான்காம் நாள் மூன்று நடுவர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். கை அசைவு, தாவல், குரல், முகம், தூக்குதல் என்று ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண். கையை நீட்டினால் கத்தி மாதிரி நிற்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. கத்தினால் தொண்டையிலிருந்து கத்தக் கூடாது, வயிற்றிலிருந்து கத்த வேண்டும். முகம் என்றால் சிரிப்பு. எத்தனை வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் சிரிப்பு போகக் கூடாது.

அங்கேதான் எனக்குப் பிரச்சினை. கவனம் வைத்து ஒரு வேலை செய்தால் என் முகம் அழப் போகிற மாதிரி ஆகிவிடும். இரண்டாம் நாளே மிஸ் என் முன்னால் நின்று, “ஏன்ம்மா, உனக்கு யார் சத்துப்போனாங்க? சிரி!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கன்னம் வலிக்கும்வரை சிரித்துப் பழகினேன்.

இரண்டாம் நாள்தான் எடை பார்த்ததும். மெஷினில் ஒவ்வொருத்தியாக ஏற, மிஸ் எண்ணைச் சத்தமாகப் படிக்க, உடற்பயிற்சி சார் எழுதிக்கொண்டார். எடை குறைந்தவள் மேலே ஏறுவாள், அவளுக்கு பிளையர் என்று பெயர். திடமான இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு பாதத்தை உள்ளங்கையில் தாங்குவார்கள், அவர்கள் பேஸ். உயரமானவள் பின்னால் நின்று கணுக்காலைப் பிடிப்பாள். நான்கு நான்கு பேராகப் பிரித்தார்கள்.

எங்கள் நால்வரில் மேலே ஏறுகிறவள் மேனேஜர் மகள். என் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் அவளுடைய அப்பாதான் மேனேஜர். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஐந்தாறு வருஷமாக அங்கே கான்ட்ராக்டில் இருந்தார். பின்னால் நின்றவள் என் வகுப்புத் தோழி, என் பெஞ்சுக்காரி. எனக்கு எதிரே இன்னொரு பாதத்தைத் தாங்கியவள்தான் அஞ்செட்டிக்காரி.

அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆசிரியர்கள் உட்பட. அஞ்செட்டி மலைக்குள் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். மாடும் கொஞ்சம் நிலமும் உண்டு. அப்பா கிடையாது. ஓட்டப்பந்தயத்தில் ஓடியதைப் பார்த்து, விளையாட்டுப் பிள்ளை என்று பள்ளியில் கட்டணம் இல்லாமல் சேர்த்திருந்தார்கள். எடை மெஷின் அவளுக்குத்தான் அதிகம் காட்டியது. நாம் சிரித்தோம். அவள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள். “எங்கூட்ல கன்னுக்குட்டியவே தூக்குவேன்,” என்றாள்.

மூன்றாம் நாள் முதல் முறையாகத் தூக்கக் கற்றுக்கொடுத்தபோது மிஸ் எங்களை நிறுத்தி ஒன்றைச் சொன்னார். “மேல இருக்கறவ தரையைத் தொடக் கூடாது. நீங்க கீழ விழலாம், அடி படலாம். அவ விழக் கூடாது. சாய்ஞ்சா கையை விட்டு அடியில போங்க. அடியில போங்க, புரிஞ்சதா?”

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சைத் தாள் நனையும், பேனா வழுக்கும். மேனேஜர் மகளின் கேன்வாஸ் ஷூ என் கையில் மீன் மாதிரி நழுவியது. இரண்டு முறை பாதியிலேயே இறக்கினோம். அஞ்செட்டிக்காரி மைதானத்து ஓரம் போய் உலர்ந்த மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். என் கையை விரித்து அதில் வைத்துத் தேய்த்தாள்.

“இத தேச்சிக்கோ. கம்முனு புடிக்கும். பால் கறக்கப் போகச்சொல்ல எங்கம்மாவும் இப்புடித்தான் கைய காய வச்சுக்கும்.”

பிடித்தது. அன்று நாங்கள் நான்கு முறை தூக்கினோம், நான்கு முறையும் நின்றாள். இறங்கும்போதெல்லாம் அஞ்செட்டிக்காரி என் பக்கத்துப் பாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் வெள்ளை டீ-சர்ட்டில் ஊக்குப் போட்டு எண் குத்தினார்கள். என்னுடையது பதினேழு. அவளுடையது பதினெட்டு. மேசை போட்டு மிஸ், உடற்பயிற்சி சார், பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எல்லோரும் எங்களுக்குப் பின்னால் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். என் அம்மா அன்று காலை எனக்கு இறுக்கிச் சடை போட்டு, “சிரிச்ச மூஞ்சியா இரு. அது ஒண்ணு போதும். நீ செலக்ட் ஆனா அப்பா மேனேஜர்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலாம், அவுக புள்ளையும் நம்ம புள்ளையும் ஒரே டீமுன்னு,” என்று அனுப்பியிருந்தாள். அப்பாவுக்கு வேலை நிரந்தரமாகும் என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

கை அசைவு நன்றாகச் செய்தேன். தாவலும் பரவாயில்லை. கத்தினேன். முகத்துக்கு என்ன போட்டிருப்பார்கள் என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. தூக்குவதற்கு எங்கள் முறை வந்தது. அஞ்செட்டிக்காரி இரண்டு கையிலும் மண் அள்ளி வந்து என்னிடம் நீட்டினாள்.

“வேணாம்,” என்றேன்.

“வேர்க்குமே?”

“சட்டையில ஒட்டும். அழுக்கா இருந்தா மார்க் போயிரும். போ அங்குட்டு.”

அவள் மண்ணைக் கீழே உதறினாள். பிறகு எதிரே வந்து நின்றாள்.

மிஸ் எண்ணினார். தூக்கினோம். மேனேஜர் மகள் தோள் உயரத்துக்கு வந்து கையை விரித்தாள். இனி ஐந்து எண்ணும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு. நடுவர்கள் மூவரும் இப்போது என் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. மூன்று எண்ணும்போது நான் தலையை மேசைப் பக்கம் திருப்பிச் சிரித்தேன். கண்ணாடி முன்னால் பழகிய அந்தச் சிரிப்பு. மூவரில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. மூன்று தலைகளும் தாளில் குனிந்திருந்தன.

அந்த நேரத்தில் ஷூ என் கையிலிருந்து போய்விட்டது.

வழுக்கியது என்று சொன்னால் பாதி உண்மைதான். வழுக்கத் தொடங்கியதை நான் உணர்ந்தேன். இறுக்கிப் பிடித்திருக்கலாம். இறுக்கினால் முகம் கோணும். அந்த ஒரு நொடியில் நான் முகத்தைத்தான் பிடித்துக்கொண்டேன், பாதத்தை விட்டுவிட்டேன்.

மேலே நின்றவள் என் பக்கமாகச் சாய்ந்தாள். நான் அரை அடி பின்னால் நகர்ந்தேன். அஞ்செட்டிக்காரி தன் கையிலிருந்த பாதத்தை விட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்தாள். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி அடியில் போனாள். மேனேஜர் மகள் அவள் மேல்தான் விழுந்தாள். தலை தரையில் படவில்லை. ஊன்றிய கை மட்டும் ஃபோம் ஷீட்டுக்கு வெளியே போய் மணிக்கட்டு மடங்கியது. வீறிட்டாள். அதற்குப் பிறகுதான் நடுவர்கள் நிமிர்ந்தார்கள். அவர்கள் பார்த்தது என்ன? நான் என் இடத்தில் நிற்கிறேன். அஞ்செட்டிக்காரி தன் இடத்தில் இல்லை.

மேனேஜர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அஞ்செட்டிக்காரிக்கு முழங்கை இடித்து உதடு கிழிந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் பதினெட்டு என்ற எண்ணின் மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அவளே குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து பழைய இடத்தில் நின்றாள்.

மிஸ் எங்கள் மூவரையும் நிறுத்தினார். “யார் ஃபர்ஸ்ட் கை விட்டது? சொல்லுங்க!” என்றார். முதலில் பின்னால் நின்றவளைக் கேட்டார். “தெரியல மிஸ், நான் மேல பாத்துட்டு இருந்தேன்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் சொன்ன வாக்கியம் இதுதான்: “அவ கைய எடுத்துட்டா மிஸ்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் கையை எடுத்தாள்தான். எனக்குப் பிறகு எடுத்தாள்.

மிஸ் அவளிடம் திரும்பி, “எடுத்தியா?” என்று கேட்டார். அவள் உதட்டைப் புறங்கையால் ஒற்றியபடி, “எடுத்தேன் மிஸ்... ஆனா அவ சாஞ்சா, அதான்...” என்று தொடங்கினாள். முழுதாகச் சொல்ல அவளுக்குத் தமிழ் அவ்வளவு வேகமாக வராது. “எடுத்தா சாயத்தானே செய்வா!” என்று மிஸ் கத்தினார். அத்தோடு விசாரணை முடிந்தது. பயந்துபோன ஒரு சின்னப் பெண் மிஸ் என்று இப்போது தெரிகிறது. ஃபோம் ஷீட்டை விரித்து இத்தனை உயரம் தூக்கச் சொன்னதற்கு யாராவது தன்னைக் கேட்பார்களோ என்று அவர் நடுங்கியிருப்பார். அவருக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. நான் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன், மைதானத்தில் சொன்ன மாதிரியே. அம்மா கேட்டுக்கொண்டே என் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். நிறைய நேரம் துடைத்தாள்.

“யாரு விட்டான்னு அவுகளே முடிவு பண்ணிட்டாங்கள்ல?”

“ஆமா.”

“அப்ப நீ இனிமே அதப் பத்தி யார்கிட்டயும் பேசாத. அப்பாட்டயும் பேசாத.”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அம்மா இருந்தவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அப்பா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், “எம் பொண்ணு அவ பக்கத்த விடல பாத்துக்கிடுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறு வாரம் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. பதினெட்டாம் எண்ணுக்கு எதிரே கோடு. அதே நாள் அஞ்செட்டிக்காரியின் அம்மாவை வரச்சொல்லியிருந்தார்கள். தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தார். அலுவலக அறைக்கு வெளியே பெஞ்சில் மேனேஜர் மனைவி உட்கார்ந்திருந்தார், மகளின் மாற்றுச் சான்றிதழ் பற்றிப் பேசவோ என்னவோ வந்திருந்தார். நான் வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அஞ்செட்டி அம்மா ஒரு துணிப்பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு மேனேஜர் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ள தப்பு பண்ணிட்டா தாயே. காட்டுல வளந்தது, ஒண்ணும் தெரியாது. உம்புள்ள கை நல்லாயிரணும்னு எங்க சாமிக்கு வேண்டினு இருக்கேன். மன்னிச்சிரு தாயே.”

மேனேஜர் மனைவி நல்லவர். “ஐயோ, பரவாயில்லம்மா. கொழந்தைங்கதானே. எலும்பு கூடிரும்,” என்று கையை விடுவித்துக்கொண்டார்.

அஞ்செட்டி அம்மா திரும்பி, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். என் சட்டையிலும் தன் மகளுடைய வகுப்புப் பட்டை இருந்ததைப் பார்த்தாரோ என்னவோ.

“நீயும் அந்த ஆட்டத்துல இருந்தியா கண்ணு?”

தலையாட்டினேன்.

“உனக்கு ஒண்ணும் அடி படலயே?”

இல்லை என்று தலையாட்டினேன். என் தலையைத் தடவிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். சில நாளில் திரும்பி வந்தவள், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை.

நாம் போட்டிக்குப் பெங்களூர் போனோம். நினைவிருக்கிறதா, பஸ் முழுக்கப் பாட்டு, வழியில் ரோஜாப் பண்ணைக் கூடாரங்களைப் பார்த்துக் கத்தியது, நீல நிறப் புதுச் சட்டை. கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ். நான் நன்றாகச் சிரித்தேன் என்று மிஸ் முதுகில் தட்டினார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, டீமும் இல்லை. அப்பாவுக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. அது வேறு கதை, அதற்கும் இதற்கும் ஒட்டு இல்லை.

பின்னால் நின்ற தோழியே, உன் தங்கை கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நீ கேட்டாய்: “ஏய், அன்னைக்கு அவ உன் பக்கம்தானே சாஞ்சா?” நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “இல்லையே, அஞ்செட்டிக்காரி பக்கம்தான்,” என்றேன். நீ சரி என்று விட்டுவிட்டாய். உனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. நீ கேட்டது என்னை எச்சரிப்பதற்காகவா, என்னைக் காப்பாற்றுவதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அஞ்செட்டிக்காரியைப் பார்த்தேன். ஒரு சான்றிதழ் விஷயமாகக் கிருஷ்ணகிரி போகும் வழியில், குந்தாரப்பள்ளியில் பஸ் நின்றது. சந்தை நாள். மாடுகளும் லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார். இறங்கி டீக்கடையோரம் நின்றேன். ஒரு செவலைப் பசுவின் கயிற்றைப் பிடித்தபடி நின்ற பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உதட்டில் அந்தத் தழும்பு.

“என்னத் தெரியுதா? அஞ்செட்டி!” என்றாள். தன்னையே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

புருஷன் லாரி வாடகை பேசப் போயிருந்தானாம். ஒரே பையன், நான்காவது படிக்கிறானாம். நான் வேலை பார்க்கும் கம்பெனியைக் கேட்டாள். என் கைப்பையைத் தொட்டுப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

“அந்தப் பாப்பா கை சரியாயிருச்சா?”

“அப்பவே சரியாயிருச்சு.”

“நான் எவ்ளோ வாட்டி நெனச்சிருக்கேன். கைய விட்டது நெசம். எதுக்கு விட்டேன்னுதான் புரியவே இல்ல. முன்ன எல்லாம், அவ சாஞ்சா, அப்பறம் விட்டேன்னு ஞாபகம் இருந்துச்சு. அல்லாரும் சொல்லச்சொல்ல மாறிப் போச்சு. எம்பையன் பொறந்தப்ப மூணு மாசம் நின்னுனு தூக்கல, தெரியுமா? உக்காந்துனுதான் வாங்குவேன். கை உட்ருமோன்னு பயம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தடுக்க மிஸ் இல்லை, மேனேஜர் இல்லை, அம்மா இல்லை. அவளும் நானும் ஒரு பசுவும் மட்டும் இருந்தோம்.

“அதெல்லாம் சின்ன வயசு. இன்னுமா நெனச்சிக்கிட்டு இருக்க?” என்றேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். பதின்மூன்று வயதில் செய்ததற்கு வயதைக் காரணம் சொல்லலாம். குந்தாரப்பள்ளியில் செய்ததற்கு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஆயிற்று நான் கிளம்ப. எது என்னைக் கிளப்பியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை லீவு போட்டேன். தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து அஞ்செட்டி பஸ். அதன்பின் ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம், மீதி நடை. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு தூரம் யாரும் அவளைத் தேடிப் போனதில்லையாம். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

“அன்னைக்கு முதல்ல விட்டது நான்,” என்றேன். “என் கைதான் விட்டது. அவ என் பக்கம் சாஞ்ச பிறகுதான் நீ விட்ட. அவளப் பிடிக்கத்தான் விட்ட. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் மிஸ்கிட்ட அப்பிடிச் சொன்னேன்.”

அவள் புரியாத மாதிரி பார்த்தாள். மாடு வாளியை முட்டிக் கவிழ்த்தது. தண்ணீர் எங்கள் இரண்டு பேர் காலடியிலும் ஓடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“அப்ப என் கை உடலயா?”

“உடல.”

“நெசமா?”

“நெசமா.”

அவள் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது இல்லை. “என்கிட்ட சொன்னது செரி,” என்றாள். “அம்மா உள்ள இருக்குது. வந்து அதுகிட்ட சொல்லு.”

உள்ளே அவள் அம்மா தரையில் உட்கார்ந்து முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். அன்று அலுவலக வாசலில் பார்த்த அதே ஆள்தான், முடி மட்டும் வெளுத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். வாசலில் சொன்னதைவிட இது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் பக்கத்தில் நின்று, அம்மாவுக்கு ஒன்றும் தப்பாமல் புரியட்டும் என்று கன்னடத்தில் திருப்பிச் சொன்னாள். என் வாக்கியங்கள் அவள் வாயிலிருந்து வந்தன. “நான்தான் விட்டேன்,” என்று நான் சொன்னதை, “இவதான் விட்டாளாம்,” என்று அவள் சொன்னாள். இத்தனை வருஷம் ஓசூரில் இருந்ததில் அந்த அளவுக்குக் கன்னடம் எனக்கும் புரியும்.

முறம் நின்றுவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. மகளை நிமிர்ந்து பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்:

“அன்னைக்கு பஸ்ஸு எறங்குனதுல இருந்து ஊடு வர வரைக்கும் உன்ன அடிச்சுனே வந்தேனே. ஏன் ஒரு வார்த்த சொல்லல நீ?”

“எனக்கே தெரியாதேம்மா,” என்றாள் அவள்.

அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வெளியே மாடு கவிழ்ந்த வாளியை உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் வருகிறேன் என்று சொன்னேன். இரு என்று யாரும் சொல்லவில்லை.